பரோபகாரிகளின் சபை

பரோபகார சிந்தை உலகில் அருகிவிட்டதென்று அங்கலாய்க்கிறவர்கள், அமெரிக்கா போகும் சந்தர்ப்பம் வாய்த்தால், நயாகராவை இரண்டாம் பட்சமாக வைத்துக்கொண்டு, ஏதாவதொரு சிற்றூரின் திட்டக் கமிஷன் கூட்டத்துக்கு ஒரு மாலை போய் வருவது உசிதம். அனுமதி இலவசம், நாற்காலிகள் மெத்தை தைத்தவை, எழுந்து பேசுகிற ஒவ்வொருவரும் பிறர் க்ஷேமத்தை முன்னிட்டே பேசுவதைக் காதாரக் கேட்டு மகிழலாம்.

என் மகன் ஒஹாயோ மாகாணத்தில், கிளீவ்லண்ட் நகரத்துக்குச் சற்றுப் புறத்தே குடியிருக்கிறான். அவன் தெருவில் தனியாக வசிக்கும் மூதாட்டி ஒருவர், நம் கணக்கில் 9 கிரவுண்டு வரக்கூடிய தம்முடைய அரை ஏக்கர் மனையை, தனி வீடுகளுக்கென்றே ஒதுக்கிய மண்டலத்திலிருந்து எடுத்து, ஒட்டு வீடுகளுக்கு இடங்கொடுக்கும் மண்டலத்தில் சேர்க்க வேண்டுமென்று மனுக் கொடுத்திருந்தார். பழைய வீட்டை இடித்து மூன்று வீடுகளாகக் கட்டி, ஒன்றில் தாம் இருந்துகொண்டு மற்ற இரண்டையும் விற்றுவிடுவது அவருடைய உத்தேசம். நம் பக்கத்தில் இத்தகைய காரியம் ஒரு பில்டர், ஒரு பூமி பூஜை, தெருவில் கொட்டிய மணலைப் பற்றி எதிர்வீட்டுக்காரரோடு ஒரு சச்சரவு என்ற அளவில் நடந்தேறிவிடும். அங்கேயோ, மனையின் புல்தரையில் அறிவிப்புப் பலகை நட்டு, சுற்றுப்புறத்தாருக்கெல்லாம் தபாலில் கடிதம் அனுப்பி, ஆட்சேபனை இருந்தால் வந்து சொல்லுங்கள் என்று நகராட்சியே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறது.

“அப்பா, நீங்களும் வாங்க. நம்ம பக்கம் ஆள் இருக்கணும்” என்றான் மகன்.

“நான் விசிட்டர் விசாவில் வந்தவனாயிற்றே, எனக்கு ஏது ஓட்டு?”

“ஓட்டெல்லாம் வேண்டாம்ப்பா. சும்மா வந்து உக்காந்தா போதும், கூட்டம் தெரியும்.”

கட்சி மாநாட்டுக்கு லாரியில் ஏற்றிச் செல்லப்படும் குடியானவனின் மனோநிலை எனக்கு அன்றுதான் பூரணமாக விளங்கிற்று. பொட்டலத்துக்குப் பதிலாக மருமகள் ஒரு ஸ்வெட்டரை நீட்டி, “ஏசி ஜாஸ்தியா இருக்கும், போட்டுக்கோங்க மாமா” என்றாள்.

இந்த மண்டல சாஸ்திரத்தின் க்ஷேத்திரம் என்றே அந்த வட்டாரத்தைச் சொல்லலாம். நியூயார்க் நகரம் 1916-லேயே இதற்கு ஒரு சட்டம் செய்துவிட்டதென்பது வாஸ்தவம். ஆனால் அதற்குப் பூரண அங்கீகாரம் கிடைத்தது, கிளீவ்லண்டை அடுத்த யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில். நில அளவைக்காரர்கள் தங்கள் குலகுருவின் திருநாமத்தையே அவ்வூருக்கு இட்டார்களாம். பள்ளியில் அப்பெயரால் பிரம்படி வாங்கியவர்கள் அங்கே குடியேறத் தயங்குவது இயல்பு. 1922-ல் அவ்வூர் தன் நிலத்தையெல்லாம் வகைப்படுத்தி, இங்கே தனி வீடு, இங்கே கடை, இங்கே தொழிற்சாலை என்று கோடு கிழிக்கவே, ஆம்ப்ளர் என்ற நிலக் கம்பெனி, தன்னுடைய 68 ஏக்கரும் தொழிற்சாலைக்கானால் ஏக்கர் 10,000 டாலர் பெறுமென்றும், வீடுகளுக்கென்றால் 2,500-க்கு மேல் போகாதென்றும் கோர்ட்டுக்குப் போயிற்று. 1926-ல் சுப்ரீம் கோர்ட்டு, மூவர் மாறுபட அறுவர் அபிப்பிராயத்தின்படி, ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லண்ட், தனி வீடுகளின் நடுவே எழும்பும் அடுக்கு மாளிகையானது, அக்கம்பக்கத்தார் சேமித்துவைத்த காற்றையும் வெளிச்சத்தையும் உறிஞ்சிக்கொள்ள வந்த ஒட்டுண்ணி என்று கருதினார். மேற்கு மாம்பலத்தில், கீழே இஸ்திரிக் கடையும் நடுவே டியூஷன் சென்டருமாக அமைந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்த எனக்கு, இதைப் படித்தபோது கோபம் வரவில்லை. இத்தனை பெரிய கோர்ட்டு நம்மைக் கவனித்திருக்கிறதே என்ற திருப்திதான் உண்டாயிற்று. இன்னொன்று: இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய அந்த நிலத்தில், இரண்டாம் உலகப் போர் வந்ததும், தொழிற்சாலையே எழும்பிற்று.

கூட்டத்துக்கு வருகிறேன். மேடையில் அக்கிராசனரும் அங்கத்தினர்களும், பெயர்ப் பலகையும் தண்ணீர்ப் பாட்டிலும் முன்னிருக்க, வீற்றிருந்தார்கள். எல்லோரும் ஊர்வாசிகள், பகலில் உத்தியோகம் பார்த்துவிட்டு மாலையில் சாக்கடையின் விட்டத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் முகஞ்சுளிக்காமல் கேட்கிறவர்கள். இவர்கள் செய்வதெல்லாம் சிபாரிசுதான், தீர்மானிப்பது நகர சபை என்று தெரிந்தபின் அவர்களுடைய பொறுமையின் மீது என் மதிப்பு இன்னும் உயர்ந்தது. பேசுகிறவர் பெயரும் விலாசமும் சொல்ல வேண்டும். மூன்று நிமிஷம் அவகாசம். மேஜைமேல் ஒரு சிறு விளக்கு பச்சையாக எரிந்து, மஞ்சளாகி, சிவக்கும். இவ்விளக்கை நம் ஊர் மேடைகளுக்கு இறக்குமதி செய்ய வேண்டுமென்று தோன்றியது. ஆனால் சிவப்பைக் கண்டு நிற்கும் பழக்கம் நமக்குச் சாலையிலேயே இல்லை.

முதலில் எழுந்த கனவான், தமக்கு இதில் சொந்த அபிப்பிராயம் ஏதுமில்லை, தீயணைப்பு வண்டி திரும்ப இடம் போதுமா என்பதே கவலை என்றார். அடுத்து ஓர் அம்மையார், மனைக்குப் பின்னால் ஓடும் ஓடையிலுள்ள தவளைகளின் சார்பில் மன்றாடினார். அந்த ஓடைக்கரையில் தினமும் உலாவப் போகிற நான் அங்கே தவளைச் சத்தத்தைக் கேட்டதில்லை. சங்கோசப் பிராணிகள் போலும். வேறொருவர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இடம் போதாதே என்று நெகிழ்ந்தார். மூன்று வீடு வந்தால் தெருவில் கார் நெரிசல் தாங்காதென்று சித்திரக் கணக்கோடு விளக்கினவரின் சொந்த வாசலில் நான்கு கார்கள் நிற்கும். என் மகன் மழைநீர் வடிகாலை எடுத்துக்கொண்டான். விளக்கு மஞ்சளாவதற்குள் முடித்துவிட்டானென்பதில் தகப்பனுக்குச் சிறிது பெருமைதான்.

ஆதரித்தவர் ஓர் இளைஞர். ஆரிகன் மாகாணத்தில், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள ஊர்களில் தனி வீட்டு மனையில் இரட்டை வீடும் கட்டலாமென்று 2019-லேயே சட்டம் செய்திருக்கிறார்களே, ஆசிரியைகளும் நர்ஸுகளும் இந்த ஊரில் குடியிருக்க வேண்டாமா என்று கேட்டார். அவரும், பாருங்கள், தமக்கு ஒரு வீடு வேண்டுமென்று வாய் திறக்கவில்லை. அவர் சொன்ன விலாசத்தில் அபார்ட்மெண்ட் எண் ஒன்று இருந்தது. அதைக் கேட்டதும் சபையில் பரவிய மரியாதை கலந்த மௌனத்தில், நீதிபதி சதர்லண்டின் ஆவி ஒரு நிமிஷம் உலவிவிட்டுப் போயிற்றென்று நினைக்கிறேன். ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி என்ற முறையில் நான் அவரைப் பார்த்துப் புன்னகை செய்தேன். மகன் என் முழங்கையை இடித்தான்.

கடைசியாக மூதாட்டி வந்தார். முழங்கால் வலியால் மாடிப்படி ஏற முடியவில்லை, புல் வெட்ட ஆள் கூலி கட்டுபடியாகவில்லை, வரி கட்டக் கையில் பணமில்லை, இரண்டு வீடு விற்றால் மிச்ச காலம் நிம்மதியாகப் போகும் என்றார். அவ்வளவு பேரிலும் தமக்காகப் பேசியவர் அவர் ஒருவரே. ஆகையால் சுயநலக்காரராகத் தோன்றியவரும் அவரே. அங்கத்தினர் ஒருவர் சற்று இரக்கத்தோடு, உங்களைச் சுற்றியிருப்பவர்களின் வீடுகளெல்லாம் நீங்கள் குடிவந்தபோது என்னவாக இருந்தன என்று கேட்டார். மக்காச்சோளக் கொல்லை என்றார் கிழவி. அதை வீட்டு மனையாக்கியபோது நீங்கள் ஆட்சேபிக்கவில்லையல்லவா என்று அவர் கைகொடுக்கப் பார்த்தார்.

“ஏன், ஆட்சேபித்தேனே! இதே இடத்தில் நின்றுதான், கொல்லையில் மான்கள் வருமென்று சொன்னேன்” என்றார் அந்த அம்மாள்.

சபை சிரித்த சிரிப்பில் விளக்கு சிவந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. ஆயினும் சிரிப்பு வேறு, சிபாரிசு வேறு. வடிகால் அறிக்கை பூர்த்தியாகவில்லையென்ற காரணத்தால் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கலாமென்று ஒருவர் பிரேரேபிக்க, மற்றொருவர் ஆமோதிக்க, ஏகமனதாக நிறைவேறிற்று. மகனுக்குத் தன் வடிகால்தான் வென்றதென்று அபிப்பிராயம்.

அடுத்த விஷயம், பல் வைத்தியர் ஒருவர் தம் கிளினிக் வாசலில் இரவெல்லாம் ஒளிரும் பல் ஒன்றை வைத்துக்கொள்ள அனுமதி கோரும் மனு. அவர் சுருட்டிய வரைபடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேடையை நெருங்குவதற்குள், தவளை, தீயணைப்பு, பள்ளிக்கூடம் ஆகிய சகல பரோபகாரமும் மொத்தமாக எழுந்து வெளியேறிவிட்டது. கடைசி வரிசையில் ஒருவர் மட்டும், மடியில் ஒரு கட்டுக் காகிதத்தோடு, நகராமல் உட்கார்ந்திருந்தார். பல் வைத்தியரின் எதிர்வீட்டுக்காரராக இருக்க வேண்டும். அவர் யாருடைய நன்மைக்காகப் பேசப் போகிறாரென்று அறிய எனக்கு மிகுந்த ஆவல். ஆனால் கார்ச் சாவி மகனிடம் இருந்தது.