ஒரு தீவு பாக்கி

இயேசு கிறிஸ்துவின் இரண்டாம் வருகை ஏன் இத்தனை தாமதம் என்று இனி யாரும் குழம்ப வேண்டாம். காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தமானில் வடக்கு சென்டினல் என்று ஒரு தீவு. பரப்பளவு சுமார் 60 சதுர கிலோமீட்டர். குடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று அரசுக்கே தெரியாது. 2011 கணக்கெடுப்பில் தூரத்தில் படகை நிறுத்திப் பார்த்து 15 என்று எழுதிக்கொண்டார்கள். அந்தத் தீவுக்காரர்கள் இன்னும் நற்செய்தி கேட்கவில்லை. அவர்கள் கேட்டு முடிக்கிறவரை ஆண்டவர் மேகத்திலேயே காத்திருக்க வேண்டுமாம்.

சிரிக்காதீர்கள். இதற்குப் பின்னால் அலுவலகம் இருக்கிறது. பட்ஜெட் இருக்கிறது. புள்ளிவிவரம் இருக்கிறது.

மத்தேயு 24-ஆம் அதிகாரம், 14-ஆம் வசனம். ராஜ்யத்தின் செய்தி எல்லா இனத்தாருக்கும் போய்ச் சேரும், அதன்பிறகு முடிவு வரும் என்பது அதன் சாரம். இதை வாக்குறுதியாக வாசித்தவர்கள் உண்டு. நம் காலத்து அமெரிக்க மேலாளர்கள் இதை வேலைத்திட்டமாக வாசித்தார்கள். எல்லா இனத்தாரும் என்றால் எத்தனை? பட்டியல் போடு. 'ஜோஷுவா புராஜெக்ட்' என்ற அமைப்பு உலக மக்களை 17,000-க்கும் மேற்பட்ட கூட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதில் 7,000-க்கும் அதிகமானவர்கள் 'எட்டப்படாதவர்கள்'. இந்தியாவின் பங்கு 2,000-க்கும் மேல். ஜாதி வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். நம்மூர் அரசாங்கம் பல ஆண்டுகளாகத் தயங்கித் தயங்கி நின்ற ஜாதிக் கணக்கெடுப்பைக் கொலராடோவில் உட்கார்ந்தபடி முடித்துவிட்டார்கள். பாராட்ட வேண்டியதுதான்.

பட்டியல் முடிந்தால் உலகம் முடியும். அதுதான் கணக்கு.

கெடுவும் வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'இந்தத் தலைமுறைக்குள்' என்றார்கள். அந்தத் தலைமுறை செத்துப்போயிற்று. பிறகு 'ஏ.டி. 2000' என்று ஓர் உலக இயக்கம். 2000-ஆம் ஆண்டுக்குள் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு சபை, ஒவ்வொரு மனிதனுக்கும் நற்செய்தி. 2000 வந்தது. போனது. மாநாட்டுப் பைகள் மிச்சம். நம் பொதுப்பணித்துறை மேம்பாலத்துக்கு வைக்கிற கெடுவுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பாலத்துக்காவது தூண் நிற்கும்.

அதே அதிகாரத்தில் 22 வசனம் தள்ளிப் போனால், அந்த நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிர ஒருவரும் அறியார் என்று இருக்கிறது. தேவதூதர்களுக்கும் தெரியாதாம். அத்தனை தூரம் வாசிக்க இவர்களுக்கு நேரம் இல்லை. வேலை தலைக்குமேல் கிடக்கிறது.

இந்தக் கணக்கின் கடைசி வரிகளில் ஒன்றை அடிக்கத்தான் 2018 அக்டோபரில் போர்ட் பிளேருக்கு வந்து இறங்கினார் ஜான் ஆலன் சாவ். 26 வயது. அமெரிக்கர். சுற்றுலா விசாவில் வந்தவர். அனுப்பியது கான்சாஸ் சிட்டியின் 'ஆல் நேஷன்ஸ்' என்ற மிஷனரி நிறுவனம். அங்கே பயிற்சி கொடுத்தார்கள். போலியாக ஒரு கிராமம் செய்து, ஊழியர்களே பழங்குடி வேஷம் கட்டி, பொய் ஈட்டியோடு பாய்ந்தார்களாம். அமெரிக்கப் புல்வெளியில், அமெரிக்கர்கள், அமெரிக்கருக்கு, சென்டினல் தீவு எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இந்தப் பாடத்துக்குத் தேர்வு மட்டும் அந்தமானில்.

மீனவர்களுக்கு 25,000 ரூபாய் கொடுத்தார். நவம்பர் 14 இரவில் படகு கிளம்பியது. மறுநாள் கயாக்கில் கரைக்குப் போனார். மீன் கொடுத்தார். பாட்டுப் பாடினார். ஒரு சிறுவன் எய்த அம்பு அவர் கையிலிருந்த பைபிளில் பாய்ந்தது. இதைவிடத் தெளிவாக 'வேண்டாம்' என்று சொல்ல எந்த மொழியிலும் வழி இல்லை. அன்றிரவு படகில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதினார். இந்தத் தீவு சாத்தானின் கடைசிக் கோட்டையோ என்று யோசித்தார். மறுநாள் திரும்பப் போனார். 17-ஆம் தேதி காலையில் அவர் உடலைக் கரையில் இழுத்துப் புதைப்பதை மீனவர்கள் பார்த்தார்கள்.

செத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வரவில்லை. 26 வயதில் எவனும் எதையும் நம்புவான். மகனைப் பறிகொடுத்த தந்தையே தீவிர மதப் போக்கைத்தான் குற்றம் சொன்னார். கோபம் வருவது அனுப்பியவர்கள் மேல். ஒருவர்கூடக் கடலில் கால் நனைக்கவில்லை. செய்தி வந்ததும் தியாகி என்று அறிக்கை விட்டார்கள்.

நோய் தொற்றாமலிருக்கத் தடுப்பூசி போட்டுக்கொண்டார், தனிமையில் இருந்தார் என்று வக்காலத்து வேறு. ஊசி போட்டுக்கொண்டவருக்குத்தான் காய்ச்சல் வராது. அவர் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கிற கிருமிக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்காது.

நம் சட்டத்தின் வேடிக்கையைப் பாருங்கள். மீனவர்கள் ஐந்து பேர் உட்பட ஏழு பேர் கைது. சென்டினல்வாசிகள் மேல் 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்று கொலை வழக்கு. காவல்துறைப் படகு தூரத்தில் நின்று பைனாகுலரில் பார்த்தது. கரையில் வில்லோடு நின்றவர்கள் படகைப் பார்த்தார்கள். விசாரணை அத்துடன் முடிந்தது. திட்டம் போட்ட நிறுவனத்தின் கதவை யாரும் தட்டவில்லை. வாழ்நாள் முழுவதும் வலை இழுத்தாலும் ஒரே ராத்திரியில் 25,000 பார்க்காதவன் ஜெயிலுக்குப் போனான்.

சாவ் முதல் ஆள் அல்ல என்பதும் அந்தத் தீவுக்காரர்களுக்கு நினைவிருக்கலாம். 1880-ல் மாரிஸ் விடால் போர்ட்மன் என்ற வெள்ளைக்கார அதிகாரி படையோடு இறங்கி, ஒரு கிழவன், ஒரு கிழவி, நான்கு குழந்தைகளைப் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார். பெரியவர்கள் இருவரும் செத்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருளோடு திருப்பி அனுப்பினார். பரிசோடு நோயும் போயிருக்கும்.

பக்கத்துத் தீவுகளின் கதை இன்னும் கொடுமை. 1860-களில் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' திறந்தார்கள். பொறுப்பில் இருந்தவர் பாதிரியார் ஹென்றி கார்பின். காட்டு மக்களைக் கொண்டுவந்து ஆங்கிலமும் நாகரிகமும் கற்பித்தார்கள். அந்த இல்லத்தில் பிறந்த 150 குழந்தைகளில் ஒன்றும் இரண்டு வயதைத் தாண்டவில்லை. பின்னால் மேகநோய் வந்தது. 1877-ல் தட்டம்மை வந்தது. 1858-ல் ஆயிரக்கணக்கில் இருந்த 'பெரிய அந்தமானியர்' என்ற பழங்குடியினர் இன்று சுமார் ஐம்பது பேர். அவர்களுடைய 'போ' மொழியின் கடைசி ஆள் போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். உலகின் முடிவு அவர்களுக்கு எப்போதோ வந்துவிட்டது. மேகத்தில் வரவில்லை. கப்பலில் வந்தது.

ஆக, சென்டினல்காரன் வில்லை எடுக்கிறான் என்றால் அது காட்டுமிராண்டித்தனம் அல்ல. அக்கம்பக்கத்து அனுபவம்.

அமெரிக்காவை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் மதில் சுவரும் பாலத்தடியும் ஆட்டோ முதுகும் 'இயேசு சீக்கிரம் வருகிறார்' என்று அறிவித்துக்கொண்டிருக்கின்றன. சுண்ணாம்பு உதிர்ந்து, மேலே கட்சிச் சின்னம் ஏறி, அதுவும் உதிர்ந்து, மறுபடி சீக்கிரம் வருகிறார். ஏழைக் கிழவி அதை நம்புகிறாள் என்றால் அவளுக்குக் காரணம் இருக்கிறது. இந்த உலகம் அவளுக்கு ஒன்றும் தரவில்லை. அவளைக் கேலி செய்கிறவன் மனுஷன் இல்லை. நான் கேட்பது தொலைக்காட்சியில் இரகசிய வருகையைப் பற்றிக் கண்ணீர் விடுகிறவரை. ஆண்டவர் வாசலில் நிற்கிறார் என்கிறீர்கள். பத்தாயிரம் பேர் உட்காரும் ஏசி ஜெபவீட்டுக்குக் கட்டட நிதி எதற்கு ஐயா? பங்காளர் திட்டத்தில் மாதத் தவணை எதற்கு? மகனை வாரிசாக மேடை ஏற்றுவது எதற்கு? ஆதாரிலும் தடுப்பூசியிலும் 666-ஐத் தேடித் தேடிக் காட்டினீர்களே, உங்கள் வங்கிக் கணக்கு எண்ணில் தேடினீர்களா?

தென்கொரியாவில் லீ ஜாங்-ரிம் என்ற போதகர் 1992 அக்டோபர் 28 என்று தேதியே குறித்தார். ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள். போலீஸ் பிடித்துப் பார்த்தபோது போதகரிடம் முதலீட்டுப் பத்திரங்கள். முதிர்வுத் தேதி, உலகம் முடிந்த பிறகு.

இந்த ஒரு வரி போதும். இறையியல் கல்லூரியே வேண்டாம்.

அந்தமான் நிகோபாரில் கிறிஸ்தவம் வந்த வேறொரு பாதையும் இருக்கிறது. அமெரிக்காவில் யாரும் அதைப் படமெடுக்க மாட்டார்கள். 1890-களில் வேதப்பன் சாலமோன் என்ற தமிழர் கார் நிகோபாருக்கு உபதேசியாராகப் போனார். சர்க்கார் வேலையும் பார்த்தவர்தான். ஆனால் போனவர் அங்கேயே தங்கினார். பள்ளிக்கூடம் வைத்தார். அவரிடம் படித்த நிகோபார்ச் சிறுவன்தான் பிற்காலத்து பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். புதிய ஏற்பாட்டை நிகோபார் மொழிக்குக் கொண்டுபோனவர், முதல் மக்களவையில் அந்தத் தீவுகளின் குரல். இதற்கு ஆண்டுக்கணக்கு ஆயிற்று. மூன்று நாளில் கயாக்கில் முடிக்கிற வேலை அல்ல.

அந்தக் கார் நிகோபாரில்தான், 2004-ல் கிறிஸ்துமஸ் கொண்டாடிய மறுநாள் காலை கடல் ஏறி வந்தது. ஊர் ஊராகப் போயிற்று. தமிழ்நாட்டு மேடைகளில் உடனே மைக் பிடித்தார்கள்: கடைசிக் கால அடையாளம். பிணம் எடுக்கும் முன்னே விளக்கவுரை. அரசாங்கம் என்ன செய்தது? நிலநடுக்கோட்டு வெயிலில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தது. அந்தமான் விவசாயிகள் சிலருக்கு நிவாரணமாக 2 ரூபாய்க்குக் காசோலை வந்தது. ஆம், இரண்டு. அதை வங்கியில் போடப் படகுக் கூலி யார் கொடுப்பது என்று யாரும் கேட்கவில்லை. அதே நாட்களில் சென்டினல் தீவு மக்கள் பிழைத்தார்களா என்று பார்க்கப் போன கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரை நோக்கி ஒருவர் அம்பைக் குறி வைத்தார். விளக்கவுரையும் வேண்டாம், காசோலையும் வேண்டாம்.

சாவ் சட்டத்தை மீறினார் என்று டெல்லி முகம் சுளித்தது. 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இருக்கிறது, ஐந்து கடல்மைல் எல்லை இருக்கிறது என்றார்கள். இருக்கிறது. சாவ் வருவதற்குச் சில மாதம் முன்புதான், சுற்றுலா வளர வேண்டும் என்று 29 தீவுகளுக்கு வெளிநாட்டவருக்கான கட்டுப்பாட்டு அனுமதியை நீக்கினார்கள். பட்டியலில் வடக்கு சென்டினலும் இருந்தது. அவர்களிடமும் ஒரு பட்டியல். மிஷனரிக்கு ஆத்துமா, அமைச்சகத்துக்கு அறை வாடகை. ஜாரவா பழங்குடியினரின் காட்டைக் கிழித்துப் போகும் அந்தமான் டிரங்க் ரோட்டை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2002-ல். வண்டிகள் இன்றும் வரிசை கட்டிப் போகின்றன. சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவா பெண்களைத் தின்பண்டம் காட்டி ஆடவைத்த வீடியோ 2012-ல் உலகம் முழுக்க ஓடியது. அந்தப் பயணிகளில் எவரும் இரண்டாம் வருகையை நம்பி வந்தவர்கள் அல்ல. செல்ஃபியை நம்பி வந்தவர்கள். 2025 மார்ச்சில் இன்னோர் அமெரிக்கர் சென்டினல் கரையில் இறங்கி ஒரு டயட் கோக் டப்பாவும் தேங்காயும் வைத்துவிட்டு வந்தார். நற்செய்தியில் சர்க்கரை இல்லை.

இதெல்லாம் சில்லறை. மொத்த வியாபாரம் தெற்கே நடக்கிறது. கிரேட் நிகோபாரில் 72,000 கோடி ரூபாய் என்று தொடங்கிய திட்டம். கலாத்தியா விரிகுடாவில் சரக்குத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம். சில ஆயிரம் பேர் வாழும் தீவில் 3.5 லட்சம் பேரைக் குடியேற்றுவார்கள். 130 சதுர கிலோமீட்டர் காடு போகும். லட்சக்கணக்கான மரங்கள் போகும். அதற்கு ஈடாக எங்கே மரம் நடுகிறார்கள்? ஹரியானாவில். பேராமைகள் முட்டையிடும் கரையின் சரணாலயத் தகுதியை 2021-லேயே எடுத்துவிட்டார்கள். சுனாமியில் ஊரைவிட்டு வந்த நிகோபாரியர்கள் சொந்த ஊருக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திட்டத்துக்குக் கொடுத்த சம்மதத்தை அவர்களின் பழங்குடி மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. ஏழு பேர் கைது, அடையாளம் தெரியாத நபர்கள் என்று வழக்கு எதுவும் இங்கே இல்லை. காட்டுக்குள் இருக்கும் ஷோம்பென் பழங்குடியினர் சில நூறு பேர்தான். அவர்களிடம் அனுமதி கேட்க மொழி தெரிந்த ஆள் தேடினார்களா என்றுகூடத் தெரியவில்லை. ஒற்றை ஆள் கயாக்கில் வந்தால் அத்துமீறல், மூன்றரை லட்சம் பேர் கப்பலில் வந்தால் வளர்ச்சி.

இந்த வருகையின் நாளை மட்டும் மேலே இருப்பவர்கள் அறிவார்கள். சுற்றுச்சூழல் அனுமதி, 2022 நவம்பர் 11.