அலிபிரிப் படிகளும் அழையாச் செய்திகளும்: ஓர் ஆய்வு

பறவை பார்ப்போர், மாடித்தோட்டம் போடுவோர், பழைய நாணயம் சேர்ப்போர் ஆகிய மூவகையார் கூடும் வாட்ஸ்ஆப், டெலிகிராம் குழுக்களே இவ்வாய்வின் எல்லை. குடியிருப்போர் சங்கக் குழுக்களும் சொந்தபந்தக் குழுக்களும் தனி ஆய்வுக்கு உரியவை. அவற்றில் எது செய்தி, எது ஸ்பேம் என்று பிரித்தறியும் கருவி இன்னும் வரவில்லை. ஆய்வுக்களம் சித்தூரும் திருப்பதியும். சேஷாசலக் காட்டில் மஞ்சள்தொண்டைச் சின்னான் பறவையைக் கண்டதாக ஒருவர் படம் போடுகிறார். அடுத்த பதிவு, ஆதார் இருந்தால் போதும், ஐந்து நிமிடத்தில் தனிநபர் கடன் என்கிறது. அதற்கடுத்தது வீட்டிலிருந்தபடியே வருமானம். பிறகு ரோஜாப்பூ மேல் ஒரு காலை வணக்கம். சின்னான் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. இவ்வட்டாரத்து ஸ்பேமுக்குத் தனிச்சிறப்பும் உண்டு. 1960-ல் எல்லை நடுவர் படாஸ்கர் பரிந்துரைப்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது; கடன் விளம்பரமோ அந்த எல்லையை ஏற்காமல் தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை என்று வந்துகொண்டிருக்கிறது. திருமலைத் தரிசன டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொல்லும் தரகர் செய்திதான் இம்மண்ணுக்கே உரிய இனம். போலி இணையதளங்களை நம்பாதீர்கள் என்று தேவஸ்தானம் பலமுறை எச்சரித்தும் அது அருகிய இனங்களின் பட்டியலில் சேரவில்லை.

ஸ்பேமாவது யாது எனின், அனுப்புவோன் கைப்பொருள் கரையாது ஆயிரவர் பொழுதைக் கரைப்பது என்க. இந்த இலக்கணத்தில் உள்ளடக்கம் பற்றி ஒரு சொல்லும் இல்லாததை வாசகர் கவனிக்க வேண்டும். அட்மின்கள் இதுவரை தோற்றதெல்லாம் உள்ளடக்கத்தை ஆராய்ந்ததால்தான். ‘கடன்’ என்ற சொல்லைத் தடுத்தால் அது க, ட, ன் என்று புள்ளி வைத்துக்கொண்டு வருகிறது. அதையும் தடுத்தால் படமாக வருகிறது. செலவை வைத்து அளந்தால் மட்டுமே பொருள் பிடிபடும். இதற்குத் திருப்பதியின் பெயராலேயே பழைய சான்று உண்டு. மலைமேல் பாம்பு ஒன்று தோன்றி மனித உருக்கொண்டு பேசிற்று, இந்த நோட்டீஸை ஆயிரம் படி அச்சடித்துக் கொடுத்தவருக்கு லாட்டரி விழுந்தது, கிழித்தெறிந்தவருக்குத் தொழில் நொடித்தது என்று சொல்லும் துண்டுப் பிரசுரத்தைத் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை முழுவதும் கையில் வாங்கியிருக்கிறது. சொன்னபடி அதனால் செல்வம் பெற்றவர் என்று ஐயமின்றி நிறுவக்கூடியவர் அச்சகக்காரர் ஒருவரே. ஆனால் அச்சுக்கூலி என்று ஒன்று இருந்ததால், அந்தப் பாம்பு ஓர் ஊருக்கு எப்போதாவதுதான் வந்தது. கூலி ஒழிந்தது, பாம்பு நாள்தோறும் வருகிறது, பதினொரு பேருக்கு அனுப்பு என்கிறது.

உலக வரலாறும் இதையே சொல்கிறது. 1935-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பத்து சென்ட் நாணயம் வைத்து அனுப்பும் சங்கிலிக் கடிதங்கள் அஞ்சலகத்தையே மூழ்கடித்தன. எனினும் கடிதத்துக்கொரு தபால்தலை வாங்க வேண்டியிருந்தது; அந்த வெள்ளம் வடிந்தது. 1978 மே மாதம் கணினி விற்க விரும்பிய ஒருவர் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். 1994-ல் அரிசோனா வழக்கறிஞர் தம்பதி, அமெரிக்கக் குடியேற்றப் பச்சை அட்டைக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்க உதவுவதாக யூஸ்நெட் என்னும் விவாத வலையின் ஆயிரக்கணக்கான குழுக்களில், பொழுதுபோக்குக் குழு எது, புலமைக் குழு எது என்று பாராமல் விளம்பரம் செய்தார்கள். தபால்தலை இல்லாத இடத்தில் வடிகாலும் இல்லை. நம் அஞ்சல் துறை இதைக் கணினி விஞ்ஞானிகளுக்குக் குறையாமல் புரிந்துகொண்டது என்பது போதிய அளவு பாராட்டப்படவில்லை. ஐம்பது காசு அஞ்சலட்டை, அரசு நட்டப்பட்டு விற்பது. அச்சடித்து அனுப்பினால் 6 ரூபாய், தொலைக்காட்சிப் போட்டிக்கு விடை எழுதினால் 10 ரூபாய் என்று துறை தனித்தனி அட்டை வைத்தது. எழுதியிருப்பது நல்லதா கெட்டதா என்று அது பார்க்கவில்லை. கூட்டமாக வருவதற்கு விலை வைத்தது. கணினி விஞ்ஞானிகளான சிந்தியா டுவொர்க், மோனி நவோர் இருவரும் 1992-ல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: மின்மடல் அனுப்பும் கணினி முதலில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு வரட்டும். வாட்ஸ்ஆப் 2018-ல் இந்தியாவில் ஃபார்வர்டை ஐந்து உரையாடல்களோடு நிறுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒருமுறைக்கு ஓர் உரையாடல் என்று குறுக்கியதும் அத்தகைய செய்திகள் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே சொன்னது. தடை எதுவும் இல்லை. விரலுக்குச் சற்றே கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

இனி மலைக்கு வருவோம். திருமலையில் அன்றாடம் அறுபது எழுபதாயிரம் பேர் தரிசனம் செய்கிறார்கள். இவர் மெய்யான பக்தரா என்று வாசலில் யாரும் சோதிப்பதில்லை, சோதிக்கவும் முடியாது. அதற்குப் பதிலாக இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, வருகைக்கான உழைப்பு: மலையடிவார அலிபிரியிலிருந்து நடந்தால் சுமார் 3,550 படிகள், எப்படி வந்தாலும் வைகுண்டம் வரிசை வளாகத்தில் காத்திருப்பு. மற்றது, ‘நகருங்கள்’ என்னும் தெலுங்குச் சொல்லான ஜருகண்டி. மணிக்கணக்கில் நின்று உள்ளே போனவருக்கும் சந்நிதியில் சில நொடிகளே. அதற்குள் ஒரு கை முதுகில் பட்டு நகர்த்திவிடும். கடன் விற்பவன் 3,550 படி ஏறி வந்தாலும், அந்தச் சில நொடியில் வட்டி விகிதத்தைச் சொல்லி முடிக்க முடியாது. பொழுதுபோக்குக் குழுக்களுக்கு வேண்டியது இவ்விரண்டுமே. புதிதாகச் சேர்ந்தவர் ஒரு வாரம் வாய் திறக்காமல் படிக்கட்டும். முதல் பதிவு அவரே எடுத்த பறவைப் படமாகவோ அவர் வீட்டுக் கத்தரிச் செடியாகவோ இருக்கட்டும். அதற்குப் பின்னும் தடம் மாறினால், விவாதம் வேண்டாம், விளக்கம் கேட்க வேண்டாம், ஜருகண்டி.

அஃதேல், இது புதியவரை விரட்டாதோ எனின், அற்றன்று. சர்வ தரிசனத்துக்குக் கட்டணமில்லை; வரிசை நீளமென்று கூட்டம் குறைந்ததும் இல்லை. பொழுதுபோக்கில் மெய்யான ஆசை உள்ளவர் ஒரு வாரம் பொறுப்பார். ஒரே நாளில் நூறு குழுக்களில் சேர்ந்து அன்றே கடன் விற்க வருபவருக்குத்தான் ஒரு வாரம் நீளம். காசு உள்ளவன் வரிசையைத் தாண்டிவிடுவானே, திருமலையிலேயே 300 ரூபாய்ச் சீட்டும் ஸ்ரீவாணி அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் ரூபாய் நன்கொடை தந்தால் பிரேக் தரிசனமும் உண்டே என்பது வலுவான மறுப்பு. ஆய்வு நேர்மை கருதி அதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் பத்தாயிரம் கொடுத்து வருபவன் ஸ்பேமின் இலக்கணத்துக்குள் அடங்க மாட்டான், அவன் விளம்பரதாரன். அவனிடம் பணம் வாங்கி நாணயக் கண்காட்சிக்கு அரங்கம் பிடித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது மறுப்பே கடினமானது: காலை வணக்கம் அன்பல்லவா? இந்தியர்களின் தொலைபேசிகள் ஏன் நிரம்பித் திணறுகின்றன என்று தேடிப்போன கூகுள் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது காலை வணக்கப் படங்களைத்தான் என்று 2018-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. அனுப்புவோரில் ஓய்வுபெற்ற பெரியவர்களும் உண்டு. ஒரு சித்தப்பாவிடம் ஜருகண்டி சொல்லும் துணிவு எந்த அட்மினுக்கும் கிடையாது. ஆயினும் மேற்கண்ட இலக்கணத்தில் உறவுமுறைக்கு விலக்கு இல்லை. ரோஜாப்பூவை இணையத்திலிருந்து எடுக்காமல் சொந்த மாடியில் பூத்ததைப் படம் பிடித்து அனுப்பினால், அது மாடித்தோட்டக் குழுவில் முறையான பதிவு. சித்தப்பாவுக்கு இதை மட்டும் சொன்னால் போதும்.

புகார் செய்ய வழி இல்லையோ எனின், அழையா விளம்பரக் குறுஞ்செய்தியையும் அழைப்பையும் பற்றி 1909 என்ற எண்ணில் தொலைபேசி நிறுவனத்திடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். ஆனால் வாட்ஸ்ஆப் குழுவில் வரும் ரோஜாப்பூவும் பாம்பும் அதன் வரம்புக்குள் வாரா.