சில்லறைத் திருடர் நாதிர் ஷா

2023 ஆகஸ்ட் 11 அன்று டெல்லியில், மக்களவையில், பாரதிய நியாய சன்ஹிதா மசோதா தாக்கலானது. பிக்பாக்கெட், செயின் பறிப்பு, ஏ.டி.எம். திருட்டு என்று கூட்டு சேர்ந்து களவாடுகிறவர்களுக்காகவே அதில் புதிதாக ஒரு பிரிவு. பெயர், 'சிறு அமைப்புசார் குற்றம்'. சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. கூட்டுக் களவாணி என்றால் ஒன்றிலிருந்து ஏழு ஆண்டு.

ஆளை அடையாளம் காண மசோதா ஒரு குறிப்பும் கொடுத்திருந்தது. சாரம் இதுதான்: மக்களிடையே பீதி கிளப்புவார்கள், ஊர்விட்டு ஊர் நகர்வார்கள், தொடர்பு, தங்குமிடம், போக்குவரத்து எல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருப்பார்கள், ஒரு வட்டாரத்தில் கொஞ்ச காலம் கைவரிசை காட்டிவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

எழுதிய அதிகாரி பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆள் நாதிர் ஷா. பாரசீக மன்னர். சம்பவம் 1739.

வழக்கை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், தொடர்பு. அந்த ஆண்டு பிப்ரவரியில் கர்னாலில் மொகலாயப் படை அவரிடம் தோற்றது. பேரரசர் முகம்மது ஷாவுக்கு 'ரங்கீலா' என்று செல்லப்பெயர். கச்சேரி, கேளிக்கை என்றால் முதல் வரிசை, போர்க்களம் என்றால் கடைசி வரிசை. பேரரசர் தரப்பில் நிஜாம் உல்முல்க் பேரம் பேசி, 50 லட்சம் ரூபாயோடு ஆளைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். அதற்குள் அவத் நவாப் சாதத் கான் குறுக்கே வந்தார். தான் எதிர்பார்த்திருந்த மீர் பக்ஷி என்ற படைத் தலைமைப் பதவி நிஜாமுக்குப் போன எரிச்சலில், டெல்லிக்கே நடந்தால் 20 கோடி தேறும் என்று துப்புக் கொடுத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பதவி கிடைக்காதவர் எதிர்க் கூடாரத்துக்குத் தாவுவது டெல்லிக்கு அப்போதே பழகிப்போன விஷயம்.

அடுத்து, தங்குமிடம். செங்கோட்டை. வீட்டுக்காரர் ரங்கீலாவே முன்னால் போய் வரவேற்புக்கு ஏற்பாடு செய்தார்.

பீதி. தானிய விலைத் தகராறு, நாதிர் ஷா செத்துவிட்டான் என்ற வதந்தி, அவன் வீரர்கள் சிலர் கொலை. மார்ச் 22 அன்று அவன் சாந்தினி சௌக்கின் சுனேஹ்ரி மசூதியில் உட்கார்ந்து உத்தரவிட, ஒரே நாளில் ஆயிரமாயிரம் பேர் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. நகரக் காவல் தலைமையகமான கோத்வாலி அந்த மசூதிக்குப் பக்கத்தில்தான் இருந்தது என்பதைத் தவிர.

களவுபோன பொருள்: மயிலாசனம், கோஹினூர், கஜானா. ரங்கீலா கோஹினூரைத் தலைப்பாகைக்குள் ஒளித்து வைத்திருந்தாராம். நட்புக்கு அடையாளமாகத் தலைப்பாகை மாற்றிக்கொள்வோமே என்று நாதிர் ஷா கேட்டுவிட்டாராம். இது வெறும் கதை. நிஜமென்றால் மசோதா அதற்கும் தயார்: தந்திரத் திருட்டு என்று தனியாகவே எழுதியிருந்தார்கள்.

போக்குவரத்து: யானை, குதிரை, ஒட்டகம். வட்டாரத்தில் தங்கியது ஏறக்குறைய இரண்டு மாதம். போகும்போது கிரீடத்தை ரங்கீலா தலையிலேயே திரும்ப வைத்துவிட்டு, ஊர் போய்ச் சேரும் முன்பே தன் நாட்டு மக்களுக்கு மூன்று ஆண்டு வரியைத் தள்ளுபடி செய்தார். ஊரை அடித்து உலையில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் டெல்லியை அடித்து ஒரு நாட்டுக்கே உலை வைத்தார்.

கொலைகளைத் தனி வழக்காக ஒதுக்கிவிட்டால், மிச்சத்துக்குப் பெயர் 'சிறு' குற்றம். ஏழு ஆண்டு முழுசாக உள்ளே இருந்திருந்தாலும் 1746-ல் வெளியே வந்திருப்பார். மறு ஆண்டே, இந்தத் தொழிலின் வழக்கப்படி, கூட்டாளிகளே அவரைத் தீர்த்துக்கட்டினார்கள்.

நாதிர் ஷாவிடம் இருந்த ஒரே குறை, ரசீது போடத் தெரியாதது. 1857 செப்டம்பரில் டெல்லியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அதைச் சரிசெய்தார்கள். கொள்ளைக்கென்றே 'பிரைஸ் ஏஜென்ட்' என்ற பதவியில் ராணுவ அதிகாரிகளை அமர்த்தினார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய்த் தரையையும் சுவரையும் தோண்டினார்கள். எடுத்தது எல்லாம் பொதுக் கணக்கு. சிப்பாய் தனியாகச் சுருட்டினால்தான் தப்பு. முதலில் சிப்பாய்க்கு 36 ரூபாய் 10 அணா என்று அறிவிப்பு வர, இந்தியாவைக் காப்பாற்றிய கூலி இவ்வளவுதானா என்று ஒருவன் அரண்மனைச் சுவரில் கிறுக்கி வைத்தானாம்.

மண்வெட்டியைக் கழுவி வைத்த மூன்றாம் ஆண்டு, 1860-ல், இந்திய தண்டனைச் சட்டம் வந்தது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து கொள்ளையடித்தால் கூட்டுக்கொள்ளை. ஆயுள் தண்டனை வரை போகலாம். குறைந்தது எத்தனை பேர் என்று சட்டம் எண்ணிவிட்டது. ஒரு பட்டாளமே வந்தால் என்ன என்று கேட்கும் நிலையில் யாரும் இல்லை.

2023 மசோதாவுக்கு வருவோம். பீதி, நகர்வு, தங்குமிடம் என்பதெல்லாம் தெளிவில்லாத வார்த்தைகள் என்று விமர்சனம் எழுந்தது. டிசம்பரில் மசோதாவைத் திரும்பப் பெற்று, திருத்திக் கொண்டுவந்தபோது அந்த வரிகள் காணோம். நாதிர் ஷா இரண்டாவது முறையும் தப்பினார். மிச்சம் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது, 112-ஆம் பிரிவாக.

செங்கோட்டை திவான்-இ-காஸில் மயிலாசனம் இருந்ததாகக் காட்டும் சலவைக்கல் மேடை இன்றும் காலிதான். பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும். அந்த டிக்கெட்டை நாலு பேர் கூட்டு சேர்ந்து கள்ளத்தனமாக விற்றால் பிரிவு 112. ஏழு ஆண்டு வரை.