கொழுப்பு 3.4

தெள்ளாரில் மாடு பார்க்க யாரும் பஸ் ஏற வேண்டியதில்லை. வந்தவாசி–திண்டிவனம் சாலையில் பஸ்ஸே மாட்டுக்காக நின்று, ஹாரன் அடித்துப் பார்த்து, கண்டக்டர் இறங்கி ஓட்டிவிட்ட பிறகுதான் கிளம்பும். அப்பேர்ப்பட்ட ஊரில், தேசிய பால் தினத்தை முன்னிட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பால் பண்ணைக்குக் களப்பயணம் அழைத்துப் போவது என்று முடிவாயிற்று. அறிவியல் டீச்சர் பிரசவ விடுப்பில் இருந்ததால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் பாடம் சரித்திரம்.

பெற்றோர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வந்த ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “காலைல சாணி அள்ளிப் போட்டுட்டுதான் சார் இவன் இஸ்கூலுக்கே வர்றான். அங்க போயி இன்னா புச்சா பாக்கப் போறான்?” பதிலுக்கு நிற்காமல் கையெழுத்துப் போட்டவர், போகிற போக்கில், “அங்கயும் அள்ளச் சொல்லுங்க, பழக்கம் உட்டுடப் போவுது” என்றார்.

நவம்பர் 26. வடகிழக்குப் பருவமழை தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. அன்றைக்கு வர்கீஸ் குரியனின் பிறந்த நாள் என்று வேனில் சொன்னேன். ஆனந்தில் 1946-இல் தொடங்கிய கூட்டுறவை ஊன்றி வளர்த்தவர், 1970-இல் வெண்மைப் புரட்சிக்குத் தலைமை தாங்கியவர், 1998-இலிருந்து பால் உற்பத்தியில் உலகத்திலேயே முதலிடத்தில் நாம் இருப்பதற்கு அவர் ஒரு பெரிய காரணம் என்றெல்லாம் அடுக்கினேன். ஒரு கொட்டாவிதான் கிடைத்தது. அவருக்குப் பால் குடிக்கவே பிடிக்காது என்று சொன்னதும் வேன் அதிரக் கைதட்டினார்கள்.

அந்த உற்சாகத்தில் என் சொந்தச் சரக்கையும் அவிழ்த்தேன். இதே மாவட்டத்தில், செங்கம் பக்கம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காப்பாற்றச் சண்டை போட்டு விழுந்த வீரனுக்கு நட்ட கல். பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. பெயர் கோவிவன். இரண்டு திருடர்களை அது கடித்ததும் கல்வெட்டிலேயே இருக்கிறது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாய்க்குப் பெயரோடு கல்வெட்டு! எனக்கு இப்போது சொன்னாலும் புல்லரிக்கும். கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது: “எருமை இல்ல சார்? அதான் உசுரக் குடுத்துக்கிறான். ஃபேட்டு ஜாஸ்தி.”

பண்ணையில் மேலாளர் நல்ல மனிதர். பாவம், தயாராகி வந்திருந்தார். “மாட்டுக்கு வயிறு நாலு அறை” என்று அவர் தொடங்கினால் பிள்ளைகள் முடித்து வைத்தார்கள். “சினைக்காலம் சுமார் 280 நாள்” என்றார். “மடி வத்த வெக்க ரெண்டு மாசம் உடணும் சார்” என்று ஒரு பெண் அவருக்கே ஞாபகப்படுத்தினாள். காதில் தொங்கிய மஞ்சள் வில்லையில் பன்னிரண்டு இலக்க எண்ணைக் காட்டினார். “எங்கூட்டு மாட்டுக்கும் ஆதார் கீது சார்.” மனிதர் வியர்த்துவிட்டார். கடைசி ஆயுதமாகக் கறவை மெஷினை எடுத்து ஒரு ஹெச்.எஃப். கலப்பினப் பசுவின் மடியில் மாட்டினார். வகுப்பு முழுவதும் சுற்றி நின்றது. மெஷின் புஸ் புஸ் என்று மூச்சு விட்டது. குழாயில் பால் பேருக்குத்தான் வந்தது.

“எக்கிக்கிச்சு சார்” என்றான் ஒருவன். “இத்தினி பேரு நின்னா எந்த மாடு சார் சொரப்பு உடும்?”

அறிவியல் புத்தகமும் அதையேதான் சொல்கிறது. பால் இறங்க ஆக்சிடோசின் சுரக்க வேண்டும். மாடு மிரண்டால் அட்ரினலின் வந்து தடுத்துவிடும். சுரந்தாலும் அதன் வேகம் சில நிமிஷந்தான், அதற்குள் கறந்து முடித்தாக வேண்டும். இதை நான் விளக்கலாமா என்று யோசிப்பதற்குள் பிள்ளைகளே கூட்டத்தைக் கலைத்து, மேலாளரையும் அப்பால் தள்ளிவிட்டார்கள். பால் இறங்கியது.

அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை. மழை வேறு. திரும்பும் வழியில், திட்டத்திலேயே இல்லாத ஓர் இடத்தில் வேனை நிறுத்தச் சொன்னார்கள்: பால் கூட்டுறவு சங்கம்.

சாயங்காலப் பால் வந்துகொண்டிருந்தது. உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), ரூபாய் என்று துண்டுச்சீட்டு அச்சாகி வெளியே நீண்டது. எங்கள் கிராமங்களில் தினம் இரண்டு வேளை தவறாமல் வாசிக்கப்படும் இலக்கியம் அது ஒன்றுதான். மாட்டைப் பற்றி எல்லாம் தெரிந்த பிள்ளைகளுக்கு அந்தக் கொழுப்பு எண் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியாது. இவர்களும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

“எங்கூட்டு பாலு எப்பவும் 3.4 சார். எதுத்த வூட்ல 4.1. ரெண்டு மாடும் ஒரே ஏரிக்கரையிலதான் மேயுது. எப்படி?”

பால் பரிசோதிப்பவர் சாம்பிள் குப்பியைக் கருவிக்கு அடியில் வைத்தபடியே கேட்டார். “கன்னை எப்ப உடுற?”

“மொதல்ல ஊட்ட உட்டு இழுத்துக் கட்டிடுவோம். கறந்துட்டு, கடைசிப் பாலு அதுக்குத்தான்.”

“அங்கதான்டா போவுது உன் ஃபேட்டு.”

முதல் பீச்சில் வரும் பால் தண்ணியாகத்தான் இருக்கும். கறக்கக் கறக்கக் கொழுப்பு ஏறும். கடைசியில் வருவது முதலில் வந்ததைப்போலப் பல மடங்கு. காலையில் கறப்பது அளவில் அதிகம், கொழுப்பில் கம்மி. பச்சைப்புல் பாலைக் கூட்டும், வைக்கோல் கொழுப்பைக் கூட்டும். பையன் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தான். என் வகுப்பில் அவன் நோட்டைத் திறந்து நான் பார்த்ததில்லை.

அதுவரை பேசாமல் நின்ற ஒரு பெண் மெல்ல முன்னே வந்தாள். வகுப்பில் மாடில்லாத வீடு அவளுடையது, தறி வீடு. “எங்கூட்டுக்கு ஆரணிலேர்ந்து பட்டு எடை போட்டுத்தான் சார் வரும். நெய்ஞ்ச பொடவையும் எடை போட்டுத்தான் வாங்குவாங்க. தராசு அவங்களுது. இந்த மிஷினு யாருது சார்?”

“சங்கத்துதும்மா. சந்தேகம்னா கெர்பர் முறையில ஆசிட் ஊத்தி, சுத்த உட்டு, திரும்பப் பாக்கலாம்.”

“தராசுக்கு வருசா வருசம் முத்திரை குத்துவாங்க. மிஷினுக்கு?”

அவர் குப்பியைத் துடைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “சார், டீ சாப்பிடுறீங்களா?” என்றார்.

அடுத்த வாரம் அந்த 3.4 பையனின் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். பையன் இப்போது மடியில் சொட்டு மிச்சமில்லாமல் ஒட்டக் கறக்கிறானாம். சங்கத்தில் பாயிண்ட் ஏறியிருக்கிறது, அதை ஒப்புக்கொண்டார். ஆனால் கன்றுக்குட்டி ராத்திரி முழுக்கக் கத்தி, தெருவே தூங்கவில்லையாம்.

“நீங்க இன்னா சார் பாடம் நடத்துறீங்க?”

“சரித்திரம்மா.”

“அதையே நடத்துங்க சார்.”