ஆசாரி ஆகாமல் ஆசைக்கு ஒரு துடுப்பு

கேள்வி: அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். கடையில் வாங்கின சாமானாக இல்லாமல், என் கையால் மரத்தில் ஏதாவது செய்து கொடுக்க ஆசை. இதுவரை நான் மரத்தைத் தொட்டது கதவைத் திறக்க மட்டும்தான்.
– ஒரு தாய்மாமன், கீழப்பாவூர்

ஒரு துடுப்பு செய்யுங்கள். அல்வா கிண்டுகிற துடுப்பைச் சொல்கிறேன். நெல்லைச் சீமையில் எந்த வீட்டிலும் அது சும்மா கிடக்காது. அகப்பை என்றால் குழி தோண்ட வேண்டும், அதற்கு வளைந்த உளி வேண்டும். பெட்டி என்றால் நாலு மூலையும் பொருந்த வேண்டும். துடுப்புக்கு இரண்டும் வேண்டாம். பன்னிரண்டு இஞ்ச் நீளம், இரண்டரை இஞ்ச் அகலம், அரை இஞ்ச் கனத்தில் ஒரு பலகைத் துண்டு போதும். கோணல் விழுந்தாலும் ‘டிசைன்’ என்று சொல்லித் தப்பிக்கலாம்.

ஒன்று மட்டும்: தாய்மாமன் சீரோடு சேர்த்து இதைக் கொடுங்கள். சீரே இதுதான் என்றால், அக்கா உங்களைத் தேடி வருவார், அதே துடுப்போடு.

கேள்வி: என்னென்ன கருவி வாங்க வேண்டும்? கடைக்காரர் ஒரு பெட்டி நிறைய எடுத்து வைக்கிறார்.
– அதே தாய்மாமன்

விடமாட்டீர்கள் போல. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒரு கைரம்பம், முக்கால் இஞ்ச் உளி ஒன்று, கொட்டாப்புளி, மர அரம், மூலைமட்டம், உப்புத்தாளில் 80, 120, 220 மூன்றிலும் இரண்டிரண்டு தாள். இதற்கு மேல் கை அரித்தால், மிச்சக் காசை நல்ல சாணைக்கல்லில் போடுங்கள். இழைப்புளி இப்போது வேண்டாம். அதைப் படிய வைப்பதற்குள் ஆவணி போய்விடும். பலகையை மட்டும் பக்கத்துத் தெரு ஆசாரியிடம் கொடுத்து இழைத்து வாங்கிக்கொள்ளலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

துடுப்பின் உருவத்தை முதலில் அட்டையில் வெட்டி, பலகை மேல் வைத்து வரைந்துகொள்ளுங்கள். நார் ஓடும் திசையில்தான் கைப்பிடி வர வேண்டும். குறுக்கே வந்தால் முதல் கிண்டலிலேயே அல்வா கல்யாணப் பெண்ணுக்கு, கைப்பிடி உங்களுக்கு. கோட்டை ஒட்டி வெளிப்பக்கமாக அறுத்து, மிச்சத்தை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். பிறகு அரம், அதன் பிறகு உப்புத்தாள். 220 தேய்த்து முடித்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். படுத்திருந்த நாரெல்லாம் எழுந்து நிற்கும். காய விட்டு மறுபடி 220 போட்டால், அடுத்த முறை கழுவும்போது சொரசொரக்காது. கடையில் வாங்கும் பல கரண்டிகளில் இந்தக் கடைசி வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: புது உளி வாங்கி வந்தேன். மரம் வெட்டுப்படவில்லை, பிய்ந்து வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– அவசரக்காரர், பாவூர்சத்திரம்

யாரும் ஏமாற்றவில்லை. கடையிலிருந்து வரும் உளி வேலைக்கு வந்த உளி அல்ல. அதன் தட்டையான முதுகைக் கல்லில் வைத்துத் தேய்த்து முதலில் சமப்படுத்த வேண்டும். அப்புறம் சரிவுப் பக்கத்தை 25 முதல் 30 பாகை சாய்வில் பிடித்துத் தீட்டினால், முனையில் மெல்லிய பிசிறு ஒன்று திரளும். விரலை முதுகிலிருந்து முனைக்கு இழுத்தால் தட்டுப்படும் (முனை நெடுக அல்ல, ரத்தம் வரும்). திருப்பிப் போட்டு முதுகை ஓரிரு தடவை இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். முன்கை முடி சிரைக்கிறதா என்று பாருங்கள்.

கூர் உளியைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டியது மொன்னை உளிக்கு. அது வெட்டாததால் நாம் அழுத்துகிறோம், அழுத்துவதால் வழுக்குகிறது, வழுக்கினால் எதிரே இருப்பது நம் இடது கை.

கேள்வி: ஒரு கையில் உளி, ஒரு கையில் கொட்டாப்புளி. மரத்தை யார் பிடிப்பது? வீட்டில் கூப்பிட்டால் ‘எனக்கு வேலை இருக்கு’ என்கிறாள்.
– இரண்டு கை மட்டும் உள்ளவர், கீழப்பாவூர்

உங்கள் கீழப்பாவூரில் பதினாறு கையோடு இருப்பவர் கோயில் நரசிம்மர் ஒருவர்தான். அவரும் அத்தனை கையும் நிறையத்தான் வைத்திருக்கிறார். நாம் கிளாம்ப் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், இரண்டு இருந்தால் உத்தமம். மேஜை விளிம்போடு மரத்தை இறுக்கிவிட்டால் இரண்டு கையும் உளிக்குப் பின்னால் இருக்கும். வீட்டம்மாவுக்கு என் நமஸ்காரம். பிடிக்க மறுத்ததில் அவர் விரல் பிழைத்தது.

கேள்வி: போன வாரக் காற்றில் எங்கள் வேம்பில் ஒரு கிளை விழுந்தது. அதிலேயே செய்யலாமா? கசக்காதா?
– மருமகள், ஆலங்குளம்

புதிதில் கொஞ்சம் வாசம் இருக்கும், பழகப் பழகப் போய்விடும். வேப்பங்கரண்டி கடைகளிலேயே விற்கிறது. மாமியாருக்குக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் மரத்தின் பெயரைச் சொல்லாதீர்கள்.

சிக்கல் ஈரத்தில்தான். நிழலில் காற்றாடப் போட்டால் ஒரு இஞ்ச் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் என்பது மரக்காரர்களின் பொதுக் கணக்கு. மரம் முதலில் உலருவது வெட்டுமுனை வழியாக. அதனால் அங்கேதான் வெடிக்கும். இரண்டு முனையிலும் மெழுகோ பழைய பெயின்டோ பூசி வையுங்கள்.

காத்திருக்க முடியாது என்றால் ஸ்வீடன்காரர் வழி இருக்கிறது. அங்கே கரண்டி செதுக்குகிறவர்கள் பச்சை மரத்தையே விரும்புவார்கள். கத்திக்கு இளகிக் கொடுக்கும், மெல்லியதாகச் செதுக்கியபின் சீக்கிரம் காயும். அந்த நாட்டில் ஓட்டோ சாலமன் என்பவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே மரவேலையைப் பள்ளிப் பாடமாக்கப் பாடுபட்டார். நாஸ் என்ற ஊரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையில் பிள்ளை கையில் முதலில் தருகிற கருவி கத்தி. நம் வீட்டில் பிள்ளை கத்தியை எடுத்தால் நடப்பது வேறு பாடம்.

கேள்வி: கம்பெனி வாசலில் பார்சல் வந்த மரச்சட்டங்கள் சும்மா கிடக்கின்றன. எடுத்துக்கொள்ளலாமா?
– சிக்கனக்காரர், தென்காசி

கேட்டுவிட்டு எடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சட்டத்தில் முத்திரை ஒன்று இருக்கும். ‘எச்.டி.’ என்றிருந்தால் சூடுகாட்டிப் பூச்சி கொன்றது. ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு விஷப்புகை போட்டது. அதை அங்கேயே விட்டுவிடுங்கள். நல்லதாகவே கிடைத்தாலும் அலமாரி, செல்போன் தாங்கி என்று செய்யலாமே ஒழிய, சாப்பாட்டில் படுகிற சாமான் வேண்டாம். அந்தச் சட்டத்தின் மேல் என்னென்ன கொட்டியதோ, முத்திரை அதைச் சொல்லாது.

கேள்வி: பேத்திக்கு அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் மாதிரி நானே செய்யலாமா?
– புதுத் தாத்தா, கடையம்

அய்யா, ஆசையை மெச்சுகிறேன். ஆனால் அது உளி பிடிக்கிற வேலை மட்டும் இல்லை, கடைசல். மரம் பட்டறையில் சுழல வேண்டும். சுழல்கிற மஞ்சக்கடம்புக் கட்டையில் உளி பட்டு, சட்டி, பானை, உலக்கை என்று உருவம் வந்ததும், கலர் அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துவார்கள். உராய்கிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை ஓலையை வைத்துப் பிடித்தால் பளபளப்பு ஏறும். அரக்கு என்பது ஒரு பூச்சி சுரக்கும் பிசின். துரியோதனன் கையில் கிடைத்தபோது மாளிகையாகி எரிந்தது, அம்பைக்காரர் கையில் கிடைத்ததால் குழந்தை சமைக்கிறது. அந்தச் சாமானுக்கு அண்மையில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

கீழக்கடையத்தில் ரயில் ஏறினால் அம்பையில் இறங்கலாம். சொப்பை வாங்கி வாருங்கள். அதை அடுக்கி வைக்க, ஓரம் கட்டிய சின்னத் தட்டுப்பலகை ஒன்றை நீங்கள் செய்யுங்கள். விளிம்புகளை நன்றாக உருட்டிவிடுங்கள். பேத்தி எப்படியும் முதலில் கடித்துத்தான் பார்ப்பாள்.

கேள்வி: சித்திரையில் மூடி போட்ட நகைப்பெட்டி செய்தேன். வழுக்கிக்கொண்டு திறந்தது. ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் மூடி இறுகிவிட்டது. நகை உள்ளே.
– கவலைப்படுபவர், குற்றாலம்

நகை பத்திரமாக இருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள். ஈரக்காற்றில் மரம் அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் கண்ணுக்குத் தெரிகிற அளவு நகராது. சித்திரை வெயிலில் இடைவெளியே இல்லாமல் பொருத்தினால் சீசனில் இப்படித்தான். நெம்பாதீர்கள், மூடி பிளக்கும். சீசன் முடிந்து காய்ந்ததும் தானே விடும். அப்போது அகலத்தில் ஒரு நூல் அளவு இழைத்துவிடுங்கள். அதுவரை கல்யாண வீடுகளுக்குக் கவரிங் போட்டுப் போங்கள், யாருக்கும் தெரியாது.

கேள்வி: செய்து முடித்த துடுப்புக்கு வார்னிஷ் அடிக்கலாமா?
– பளபளப்பு விரும்பி, சுரண்டை

கொதிக்கிற பாகில் முங்குகிற சாமானுக்கு வார்னிஷ் வேண்டாம். உரிந்து வந்தால் அல்வாவில்தான் சேரும். தேங்காய் எண்ணெய் தடவலாம். ஆனால் அது காய்ந்து இறுகாது, அவ்வப்போது தடவ வேண்டும், நாளானால் சிக்கு வாடை வரலாம். ஆளிவிதை எண்ணெய் காற்று பட்டு இறுகும், சில நாள் பொறுக்க வேண்டும். பெயின்ட் கடையில் ‘பாயில்ட்’ என்று விற்பதை வாங்காதீர்கள், சீக்கிரம் காய்வதற்காக அதில் உலோக உப்பு சேர்த்திருப்பார்கள். சமையலுக்கு விற்கிற சுத்த எண்ணெயே போதும்.

இதைச் சிரிக்காமல் சொல்கிறேன்: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இறுகும்போது அது சூடாகும். சுருண்ட துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள். மரத்தூளை லேசாக நினைத்து மூக்கைத் திறந்து வைக்கவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. கொரோனா காலத்து முகக்கவசம் பீரோவில் மிச்சம் இருக்குமே!

கேள்வி: சந்தனக்கட்டையில் துடுப்பு செய்தால் மணக்குமே?
– பேராசைக்காரர், செங்கோட்டை

மணக்கும். வனத்துறை வரைக்கும் மணக்கும்.

கேள்வி: துடுப்பு நன்றாக வந்துவிட்டது! அதில் ‘அன்புடன் மாமா’ என்று பொறிக்கலாமா?
– மறுபடியும் தாய்மாமன், கீழப்பாவூர்

கைப்பிடி நுனியில், சின்னதாக. தலைப்பக்கம் பொறித்தால் எழுத்துக் குழியில் மாவு ஏறிக்கொள்ளும். கழுவும்போதெல்லாம் ஊசியால் குத்தி எடுத்தபடி உங்கள் பெயரைச் சொல்லுவாள். அன்போடு அல்ல.