அரை நாளில் பாதுகாப்பு அதிகாரி: ஒன்பது படிகள்

துப்பாக்கி கிளப் தொடங்கியாயிற்று. சந்தா வசூலாகிறது. டீ வாங்கி வரக்கூட ஆள் போட்டாயிற்று. ஆய்வுக்கு வருகிறவர் மட்டும், ‘ரேஞ்ச் பாதுகாப்பு அதிகாரி யார்?’ என்று கேட்டுத் தொலைக்கிறார். பதற வேண்டாம். சுடும் இடத்தில் சரியான நொடியில் நிறுத்தச் சொல்வதுதான் அவருடைய மொத்த வேலை. அந்த ஒரு சொல் வாயில் வராதபடி ஒருவரைப் பழக்கிவிட்டால் சான்றிதழ் தயார். பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே முடித்திருப்பீர்கள். மீதி இதோ.

1. ஆளைப் பிடியுங்கள். கிளப்பில் அதிகப் பதக்கம் வாங்கியவர் மிகப் பொருத்தம். அவர் கண் தானாக இலக்கு அட்டைக்குப் போகும், ‘அடடா, பத்து!’ என்று துள்ளுவார். அவர் பார்க்க வேண்டியது அட்டையை அல்ல, சுடுகிறவர்களின் கைகளை. இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். பதக்கக்காரர் கிடைக்காவிட்டால் செயலாளரின் மைத்துனர் இருக்கவே இருக்கிறார்.

2. விதிகளை ஒப்பிக்க வையுங்கள். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் பெயரில் நான்கு விதிகள் உலகமெங்கும் வழங்குகின்றன. எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகவே நினைக்க வேண்டும். சுட விரும்பாத எதன் பக்கமும் குழல்முனை திரும்பக் கூடாது. குறி பார்க்கும் வரை விசையில் விரல் படக் கூடாது. இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்திருக்க வேண்டும். தடங்கலில்லாமல் ஒப்பித்ததும், ‘காலித் துப்பாக்கிதான்’ என்று ஒன்றைக் கையில் கொடுங்கள். திறந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டால் முதல் தாளில் பாஸ்.

3. கொடிகளைப் பத்திரப்படுத்துங்கள். உள்ளே தோட்டா இல்லை என்று எல்லோருக்கும் தெரிய, பளிச்சென்ற நிறத்தில் ஒரு பாதுகாப்புக் கொடியைத் துப்பாக்கிக்குள் செருகி வைக்க வேண்டும் என்கின்றன சர்வதேசப் போட்டி விதிகள். புல் வெட்டும் இயந்திரத்தின் ஆரஞ்சு நைலான் கயிற்றில் ஒரு துண்டு போதும், செலவென்று எதுவுமில்லை. மலிவான பொருள் தொலைந்துவிடும் என்பதால் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சாவி பொருளாளரிடம். பொருளாளர் திருப்பதியில்.

4. குரலைப் பக்குவப்படுத்துங்கள். லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட் என்ற கட்டளைகளில் அடைமொழிக்கோ மரியாதைக்கோ இடமில்லை. இது நம் பண்பாட்டுக்கு ஒத்து வராது. ‘சார், தப்பா நினைக்காதீங்க, ஒரு நிமிஷம்...’ என்று தொடங்கப் பழக்குங்கள். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று குண்டு போயிருக்கும். ஆபத்தைக் கண்டால் யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்பது நல்ல ரேஞ்சுகளின் வழக்கம். உங்கள் கிளப்பில் டீ கொண்டுவரும் பையன் அப்படிக் கத்தினால், ‘உனக்கெதுக்குடா இது?’ என்று கேட்கச் சொல்லுங்கள்.

5. திறப்பு விழாவில் செய்முறைத் தேர்வு வையுங்கள். சிறப்பு விருந்தினர் கைத்துப்பாக்கியை எடுப்பார். விசையில் விரல் வைப்பார். புகைப்படக்காரர்கள் பக்கம் திரும்பிச் சிரிப்பார். அப்போது பாதுகாப்பு அதிகாரி எங்கே நிற்க வேண்டும்? விருந்தினருக்குப் பின்னால், சால்வையோடு. படத்தில் முகம் தெரிந்தால் முதல் வகுப்பு.

6. வெடிக்காத தோட்டாவுக்கு விடை சொல்லித் தராதீர்கள். விசையை இழுத்தும் ‘கிளிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால், குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. உங்கள் ஆள் குழலுக்குள் எட்டிப் பார்க்கட்டும். ‘புஸ்’ என்று சத்தம் வந்தால் குண்டு குழலுக்குள்ளேயே மாட்டியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். ‘அடுத்தது தள்ளிக்கிட்டுப் போயிடும் சார்’ என்பதே உங்கள் மாதிரி விடை.

7. புதியவர்களைத் தாராளமாக வரவேற்கக் கற்றுக்கொடுங்கள். முதலில் ஒரே ஒரு தோட்டா போட்டுப் பார்ப்பதெல்லாம் கஞ்சத்தனம். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனாவில், ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் ‘ஊஸி’ (Uzi) என்ற இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். தானியங்கி நிலையில் சுட்டபோது துப்பாக்கி எகிறியது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் இறந்தார். அவருக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. உங்கள் ஆளுக்கு அதுவும் இல்லை. ஆகவே தைரியம் கூடுதலாகவே இருக்கும்.

8. மண்மேட்டின் பக்கம் அழைத்துப் போகாதீர்கள். குண்டைத் தாங்க வேண்டிய மேடு ஐப்பசி மழையில் கரைந்திருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினால், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் கேட்பார். சின்ன .22 தோட்டாகூட ஒன்றரை மைல் பாயும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். பெட்டியைக் கிழித்துப் போடுங்கள். 2021 டிசம்பர் 30 அன்று, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு ஒரு 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. அவன் தன் தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான்கு நாள் கழித்து இறந்தான். ‘மேட்டுக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள்?’ என்ற கேள்வி உங்கள் தேர்வுத்தாளில் இருந்தால் அடித்துவிடுங்கள். பாடத்திட்டம் கிளப் வேலியோடு முடிகிறது.

9. பதிவேட்டை ஒப்படையுங்கள். தவறிப்போய் வெடித்தது, மயிரிழையில் தப்பியது, எல்லாவற்றையும் எழுதினால் அடுத்த விபத்தைத் தடுக்கலாம். ஆனால் ஆய்வில் கேள்வி வரும். எனவே ஜனவரியிலேயே உட்கார வைத்து, டிசம்பர் வரை நிரப்பச் சொல்லுங்கள். அரசாங்க அலுவலகங்களில் ‘ஒன்றுமில்லை’ என்பதற்கு எழுதுவார்களே, அந்த ஆங்கிலச் சொல் போதும். தமிழ் எழுத்திலேயே எழுதட்டும்: நில். நில். நில்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் வாயில் வராத சொல், பக்கத்துக்குப் பக்கம் அவர் கையெழுத்திலேயே இருக்கும்.