ஃபுல் ஃபிரேம் அண்ணன்

பத்துப் பை வைத்த கையில்லாத காக்கிச் சட்டையோடு கல்யாண வீட்டுக்கு வருகிற ஒருவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். தாலி கட்டும் நேரத்தில், காசு வாங்கிக்கொண்டு படமெடுக்க வந்தவருக்குக் குறுக்கே போய் நிற்பார். ஆல்பத்தில் மாப்பிள்ளையின் இடது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இவருடைய முதுகு இருக்கும். சரி, இவர் எடுத்ததையாவது கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். "ரா ஃபைலா எடுத்திருக்கேன்ப்பா, எடிட் பண்ணணும்" என்பார். அந்தத் தம்பதிக்குக் குழந்தை பிறந்து காது குத்துகிற அன்றைக்கும் எடிட்டிங் முடிந்திருக்காது. காதுகுத்துக்கும் அதே காக்கிச் சட்டையில் வந்திருப்பார்.

இவர்தான் ஃபுல் ஃபிரேம் அண்ணன். சுற்று வட்டாரத்தில் எந்தப் பையன் முதல் டி.எஸ்.எல்.ஆர். வாங்க ஆசைப்பட்டாலும் இவரைத் தாண்டிப் போக முடியாது. பெற்ற தாயே அனுப்பி வைப்பார்: "எதுக்கும் அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குடா."

பையன் முப்பத்தைந்தாயிரம் சேர்த்து வைத்திருக்கிறான். பாட்டியை எடுக்க வேண்டும், தெருவை எடுக்க வேண்டும், ஊர்த் தேரை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் லட்சியம். கேனன் 1500டி வாங்கலாமா என்று கேட்கிறான்.

அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். வலி தாங்குகிற முகம். "தம்பி, அதுல ஃபோகஸ் பாயிண்ட் எத்தனை தெரியுமா? ஒம்பது. செகண்டுக்கு மூணு படம்தான் ஓடும். அதை வெச்சுக்கிட்டு நீ என்னத்தை எடுப்பே?"

சொன்ன கணக்கில் பிழை கிடையாது. ஆனால் பையன் எடுக்கப் போவது பாட்டியை. திண்ணையிலிருந்து எழுந்திருக்கவே பாட்டிக்கு மூன்று நிமிடம் ஆகும்.

"அப்ப நிகான் டி3500 அண்ணா?"

இதுவும் 1500டி வந்த அதே 2018இல் வந்ததுதான். 24 மெகாபிக்சல். பேட்டரியை ஒரு முறை சார்ஜ் செய்தால் 1,550 படம் வரை எடுக்கலாம் என்பது கம்பெனி கணக்கு. பேட்டரி இல்லாமல் பாடி மட்டும் 365 கிராம். கடையில் அதைக் கையில் வாங்கியதும் அண்ணன் முகம் சுளிப்பார். "என்னப்பா, காத்தா இருக்கு!" கேமரா நல்லதா இல்லையா என்பது அவருக்குக் கழுத்து வலியில் தெரிய வேண்டும். அந்த நிகானில் ‘கைடு’ என்று ஒரு மோட் உண்டு. ஓடுகிறவரை எடுக்க வேண்டுமா, பின்னணியை மங்கலாக்க வேண்டுமா என்று கேமராவே கேட்டு, படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும். கேமராவே சொல்லிக்கொடுத்துவிட்டால் அண்ணனுக்கு என்ன வேலை? அவருடைய கோபத்துக்கு 365 கிராமைவிட இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

கூடவே வருகிற 18-55 கிட் லென்ஸை அவர் லென்ஸ் என்றே ஒப்புக்கொள்வதில்லை. "அது உள்ள தூசி போகாம இருக்க மூடி மாதிரி குடுக்கிறான். கழட்டி வெச்சுட்டு ஒரு 50 எம்.எம். 1.8 போடு." பாதி நல்ல யோசனை. வெளிச்சம் குறைந்த இடத்தில் அந்த லென்ஸ் நன்றாகவே கைகொடுக்கும். மறு பாதியை அண்ணன் சொல்ல மாட்டார். கேனனின் சின்ன சென்சாரில் 50 என்பது 80 பார்க்கிற அளவைத்தான் பார்க்கும். நம் வீட்டு ஹாலில் குடும்பத்தை நிற்க வைத்து எடுக்க வேண்டுமென்றால், படமெடுப்பவர் பின்னாலேயே நடந்து சமையலறை வழியாகக் கொல்லைக்குப் போய்விட வேண்டியதுதான். கிட் லென்ஸ் வாங்கும்போது அதன் பெயரில் ‘ஐ.எஸ்.’ அல்லது ‘வி.ஆர்.’ இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்ல மாட்டார். கை நடுக்கத்தைச் சமாளிக்கிற அந்த வசதி இல்லாத 18-55களும் சந்தையில் உண்டு. சாயங்காலத் தெருவை எடுக்கப் போகிற பையனுக்கு ஃபோகஸ் பாயிண்ட் எண்ணிக்கையைவிட இது முக்கியம்.

நியாயமாகச் சொன்னால், ஒரு விஷயத்தில் அண்ணன் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும். டி3500 பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ‘டி’ வகை 50 எம்.எம். வாங்கி மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. ‘ஜி’ வகைதான் வாங்க வேண்டும். இதைச் சொல்லும்போது அண்ணன் குரல் தழுதழுக்கும்.

பிறகு கணக்குப் போட உட்காருவார். லென்ஸ், பை, டிரைபாட், யு.வி. ஃபில்டர், ஈரம் ஏறாமல் வைக்க டிரை கேபினட். கூட்டிப் பார்த்துவிட்டு நிமிர்வார். "இவ்வளவு போடுறே, இன்னும் கொஞ்சம் போட்டா ஃபுல் ஃபிரேமே வாங்கிடலாமே?" அந்த ‘இன்னும் கொஞ்சம்’ ஒரு லட்சம் ரூபாய். அடுத்த வாரம் போனால் "இப்ப எவன்ப்பா டி.எஸ்.எல்.ஆர். வாங்குறான், மிர்ரர்லெஸ் பாரு" என்பார். பையன் பாட்டியைப் பழைய செல்போனிலேயே எடுத்துக்கொண்டிருப்பான்.

இத்தனை தெரிந்தவர் எடுத்த படங்கள்? அவர் கம்ப்யூட்டரில் பாதி செங்கல் சுவர், மீதி பூனை மீசை. எல்லாமே லென்ஸின் கூர்மையைச் சோதிக்க எடுத்தவை. 24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000 பிக்சல். நல்ல அச்சில் 20 அங்குல அகலம் தாராளமாக வரும். அண்ணன் இதுவரை எதையும் அச்சடித்ததில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவார், அது நசுக்கிச் சின்னதாக்கிவிடும். ஆயிரம் டாலருக்குக் கீழே வந்த முதல் டி.எஸ்.எல்.ஆரான கேனன் 300டி 2003இல் வந்தபோது அதில் இருந்தது 6.3 மெகாபிக்சல்தான். அதை வைத்தே கல்யாணம் எடுத்து, ஆல்பம் போட்டு, குடும்பம் நடத்தியவர்கள் உண்டு.

டி3500 இப்போது தயாரிப்பில் இல்லை; பழையதாகத்தான் தேட வேண்டும். அப்படிப் போகும்போது அண்ணனை அவசியம் கூட்டிக்கொண்டு போங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சையைக் கண்டுபிடிப்பதிலும், ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வதிலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. புதிதாகத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், கிட் லென்ஸோடு வாங்கி, பாட்டியை நாலு படம் எடுத்து, ஒன்றைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அதற்கப்புறம் அவரிடம் சொல்லுங்கள்.